ரஷ்யக் கிராமத்து வீடு: அடுப்பின் மேல் எப்படிப் படுத்தார்கள்?

தட்டோன் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழாவுக்கு எங்கள் வாசகர் வட்டம் ஒரு மேடை நாடகம் தயார் செய்கிறது. கதை நடப்பது ரஷ்யக் கிராமத்தில், மாஸ்கோவுக்குத் தெற்கே துலா, ரியாசான் பக்கம். முதல் அங்கம் 1880களில். இரண்டாம் அங்கம் அதே வீட்டில், 1930களின் நடுவில், கூட்டுப்பண்ணை வந்த பிறகு. மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் புத்தகங்களை வைத்து வசனம் எழுதினோம். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

கிழவர் 'அடுப்பின் மேலிருந்து' இறங்கி வருகிறார். நமக்கு அடுப்பு என்றால் மூன்று கல், இல்லாவிட்டால் கரி போடுகிற மண்ணடுப்பு. அதன்மேல் ஒரு மனிதர் எப்படிப் படுப்பார் என்று ஒத்திகை பார்க்கிற எல்லாரும் கேட்கிறார்கள். மேடையில் அதை என்ன அளவில் செய்வது?

அடுத்தது, 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று படித்திருக்கிறோம். இருபது வருஷம் கழிந்தும் இந்தக் குடும்பம் நிலத்துக்குப் பணம் கட்ட முடியாமல் பசுவை விற்கிறது. யாருக்குக் கட்டுகிறார்கள், எதற்கு?

மூன்றாவது சாப்பாடு. மேசையில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது? முடிந்தால் அடி, ஏக்கர், வீசைக் கணக்கில் சொல்லுங்கள்.

ரங்கூன் நூலகர்:

அடுப்பு என்ற சொல்தான் குழப்புகிறது. சில மொழிபெயர்ப்புகளில் 'கணப்படுப்பு' என்று வரும். அதுவும் சுவரோரம் தீ எரிகிற வெள்ளைக்காரர் பங்களாவையே நினைக்க வைக்கும். ரஷ்யர் 'பெச்' என்று சொல்வது வீட்டின் கால்வாசி இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு செங்கல் கட்டடம். அகலம் நாலரை, ஐந்து அடி. நீளம் ஆறு, ஏழு அடி. ஏறத்தாழ 1,500 முதல் 2,000 செங்கல் பிடிக்கும். செங்கல்லுக்கு வழியில்லாதவர்கள் பலகை அடைத்து, அதற்குள் களிமண்ணைக் கொட்டி, மரச் சம்மட்டியால் இடித்து இறுக்கிக் கட்டினார்கள்.

முன்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு வாய். உள்ளே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு குகை. வாய்க்கு முன்னால் பாத்திரம் வைக்க ஒரு திண்ணை. விறகு எரிவது குகையின் தளத்திலேயே. கம்பித் தட்டு கிடையாது. புகை வந்த வாய் வழியாகவே திரும்பி வெளியே வந்து, திண்ணைக்கு மேலே இருக்கிற புகைபோக்கியில் ஏறும். குகையின் வளைவு உள்பக்கம் சற்று உயர்ந்தும் வாயருகே தாழ்ந்தும் இருப்பதால் சூடான காற்று உள்ளேயே தேங்கும். அதைச் சுற்றியுள்ள செங்கல் அத்தனையும் சூட்டைக் குடித்துக்கொள்ளும்.

விடியற்காலையில் ஒரே தடவைதான் தீ, இரண்டு மணி நேரம் போல. பிறகு தீ கிடையாது. அன்றைய சமையல் முழுவதும், வீட்டின் வெப்பம் முழுவதும் செங்கல் குடித்து வைத்த சூட்டில்தான். குகையின் வளைவுக்கு மேலே மணலும் களிமண்ணும் நிரப்பி, அதன்மேல் செங்கல் பரப்பியிருப்பார்கள். அதுதான் படுக்கிற மேடை, தரையிலிருந்து ஐந்து அடிக்குக் குறையாது. கீழே எரிகிற தீயின் சூடு அவ்வளவு கனத்தைத் தாண்டி மெல்ல வருவதால் மேலே வெதுவெதுப்புத்தான். அங்கே படுப்பது கிழவர்கள், குழந்தைகள், நோயாளிகள். ஏறுவதற்குப் பக்கத்தில் படி இருக்கும்.

தவறு நேர்கிற இடம் ஒன்று உண்டு. உங்கள் நாடகத்துக்கு அது உதவும். தீ அடங்கியதும் புகைபோக்கியின் இரும்புத் தகட்டை மூட வேண்டும்; மூடாவிட்டால் சூடெல்லாம் கூரை வழியே போய்விடும். சீக்கிரம் மூடினாலோ, கரிமேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருக்கும்போதே மூடினாலோ, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கரிவாயு வீட்டுக்குள் இறங்கும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். 'உகார்' என்பார்கள். அதனால் வீட்டுக்காரி கரியைக் கோலால் கிளறி, எரியாத கொள்ளியை எடுத்து வெளியே போட்டு, நீலச் சுடர் முழுக்கப் போய்விட்டதா என்று குனிந்து பார்த்த பிறகே தகட்டைத் தள்ளுவாள். குளிர்காலம் முழுக்க, தினமும், வீட்டில் எல்லாருடைய உயிரும் அந்த ஒரு கைவேலையில் இருந்தது. கிழவிக்கு வசனம் எதுவும் வேண்டாம், இதை மட்டும் செய்யட்டும்.

இன்னொன்று. 1880களில் அந்தப் பக்கத்து ஏழை வீடுகள் பலவற்றில் புகைபோக்கியே இல்லை. புகை அறையிலேயே பரவி, கதவு வழியாகவும் மேலே உள்ள சிறு துளை வழியாகவும் போகும். எரிகிற நேரம் எல்லாரும் தரையில் குந்தியிருப்பார்கள். முதல் அங்கத்தில் சுவரின் மேல்பாதியைக் கரிக்கறுப்பாகவும் கீழ்ப்பாதியை மர நிறமாகவும் தீட்டுங்கள். இரண்டாம் அங்கத்தில் புகைபோக்கி வைத்துவிடுங்கள்; கிழவி தகடு மூடும் கைவேலையும் அந்த அங்கத்தில்தான். ஐம்பது வருஷம் கடந்தது பார்த்தவுடன் தெரியும்.

குளியலறை கட்டாதீர்கள். ரஷ்யா என்றதும் எல்லாரும் 'பான்யா' என்கிற தனி நீராவிக் குடிசையைச் சொல்வார்கள். வடக்கே அது சரி. துலா, ரியாசான் பக்கம் பல ஊர்களில் அது கிடையாது. சாம்பலை வழித்துவிட்டு, வைக்கோல் பரப்பி, வெந்நீர் வாளியோடும் பிர்ச் மரத்து இலைக் கொத்தோடும் அடுப்புக்குள்ளேயே புகுந்து குளித்தார்கள்.

மோல்மேன் தச்சர்:

அடுப்பைப் பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த அடுப்பு வீட்டுச் சுவரையோ தரைச் சட்டத்தையோ தொட்டு நிற்காது. தனி அடித்தளத்தில் நிற்கும். ஏனென்றால் வீடு இறங்கும்.

சுவர் என்பது பைன், ஸ்ப்ரூஸ் உருட்டுமரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஆணி இல்லை. மூலையில் ஒரு மரத்தில் கிண்ணம் போலக் குடைந்து, அடுத்த மரத்தை அதில் உட்காரவைப்பார்கள். சுற்று முழுவதற்கும் நாலு மரம். அந்த ஒரு சுற்றை 'வெனெத்ஸ்', அதாவது கிரீடம், என்பார்கள். நம் தேக்கு வீட்டில் தூண்தான் பாரம் தாங்கும், மரமும் நெடுக்காக நிற்பதால் உயரம் மாறாது. அங்கே மரம் படுத்திருக்கிறது. காயக் காய ஒவ்வொரு மரமும் குறுக்குவாட்டில் சுருங்கும், இடையில் திணித்த பாசியும் அமுங்கும். முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சுவர் உயரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை குறைந்துவிடும். அதனால் கதவு ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டுப் பாசியோ சணலோ அடைத்து வைப்பார்கள். விடாவிட்டால் நிலை நெரிந்து கதவு திறக்காது. அடுப்பைச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் விரிசல்தான், அந்த விரிசலிலிருந்து தீப்பிடிக்கும்.

மரம் வெட்டுவது குளிர்காலத்தில். அப்போது பனியில் சறுக்குவண்டி வைத்து இழுப்பது எளிது.

வாசல் கதவைக் குட்டையாக வையுங்கள், நாலரை அடி போதும். குனிந்துதான் நுழைய வேண்டும். வாசற்படியும் உயரம். இரண்டும் குளிர் உள்ளே வராமல் இருக்க. ஜன்னல்கள் சிறியவை. கூரை அந்தப் பக்கம் வைக்கோல்தான், காடு குறைந்த பூமி. அறைக்குள் அடுப்புக்கு நேர் எதிர் மூலை 'அழகிய மூலை': சாமி படங்கள், கீழே மேசை, சுவரோடு பிணைத்த விசுப்பலகை. விருந்தாளி அங்கே. அடுப்பு வாய்க்கு எதிர்ப்பக்கம் பெண்கள் புழங்கும் இடம், அந்நிய ஆண் அங்கே போகக் கூடாது. இந்த மூலை விட்டத்தை மேடையில் சரியாக வைத்துவிட்டால் நடிகர்கள் எங்கே நிற்பது என்ற கேள்வியே வராது.

பெகு ஆசிரியர்:

நிலத்தவணைக் கேள்விக்கு வருகிறேன். 1861 பிப்ரவரி 19, அவர்களுடைய பழைய நாட்காட்டிப்படி, ஆள் விடுதலையானான். நிலம் அப்படியே கிடைக்கவில்லை, விலைக்குத்தான். அந்த விலையும் நிலத்தின் சந்தை விலை இல்லை. பண்ணையாருக்கு அதுவரை குடியானவன் கட்டிவந்த பணவாரத்தை வட்டியாக வைத்து, அது எந்த முதலுக்கு நூற்றுக்கு 6 வட்டி ஆகுமோ அந்த முதலே விலை.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஆண் தலைக்கு ஆண்டுக்கு 9 ரூபிள் வாரம் என்று வைத்துக்கொள்வோம். பல மாகாணங்களில் இருந்த தொகைதான். 150 ரூபிளுக்கு 6 வட்டி 9 ரூபிள். ஆகவே விலை 150. இதில் ஐந்தில் நாலு பங்கு, 120 ரூபிளை, அரசு பண்ணையாருக்குக் கடன்பத்திரமாகக் கொடுத்துவிடும். மீதி 30 குடியானவன் நேராகக் கொடுக்க வேண்டும். அந்த 120க்கு அவன் அரசுக்கு வருஷம் 7 ரூபிள் 20 கொபெக், 49 வருஷம் கட்ட வேண்டும். கூட்டினால் 352 ரூபிள் 80 கொபெக். உங்கள் குடும்பம் பசுவை விற்றுக் கட்டுவது இதைத்தான், அரசுக்கு. 1881இல் சட்டம் போட்டுத் தொகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். முழுக்க நீக்கியது 1907 ஜனவரியில்.

கட்ட முடியாதவன் விட்டுவிட்டுப் போக முடியாதா என்று பார்வையாளர் கேட்பார்கள். முடியாது, பணம் ஊர்மேல் விழுந்தது. ஊர்ச்சபையை 'மீர்' என்பார்கள். ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். இந்தக் கூட்டுப்பொறுப்பு 1903 வரை இருந்தது. அதனால் வெளியூர் வேலைக்குப் போகிறவனுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதும் மறுப்பதும் ஊர் கையில்.

நிலமும் வீட்டுக்கு ஒரே துண்டாக இல்லை. நல்ல மண், மோட்டு மண், தூரத்து மண் என்று ஊர் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கீற்று. ஒரே குடும்பத்துக்கு இருபது முப்பது கீற்று சிதறிக் கிடக்கும். ஆள் கூடிக் குறைய, சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபங்கீடு. வயல் மூன்று பங்கு: ஒன்றில் குளிர்கால ரை, ஒன்றில் வசந்தத்து ஓட்ஸ், ஒன்று தரிசு. அறுவடை முடிந்த தாளிலும் தரிசிலும் ஊர் மாடெல்லாம் சேர்ந்து மேயும். அதனால் ஒருவன் மட்டும் வேறு பயிர் போட முடியாது, போட்டால் மாடு தின்றுவிடும். 'சோம்பேறிக் குடியானவன்' என்று சில கதைகளில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. உரம் போட்டுத் திருத்திய கீற்று அடுத்த பங்கீட்டில் இன்னொருவனுக்குப் போகும் என்று தெரிந்தும் அவர்கள் உழுதார்கள்.

அளவு: ஒரு தெஸ்யாத்தினா 2.7 ஏக்கர். ஒரு பூட் 16.38 கிலோ, அதாவது நம் பர்மா வீசையில் ஏறத்தாழப் பத்து. வசனத்தில் பூட் வருகிற இடமெல்லாம் பத்து வீசை என்று போட்டால் நம் பெரியவர்களுக்கு உடனே எடை தெரியும்.

கீழ்ப் பர்மாவோடு ஒப்பிட்டு யாராவது கேட்டால் ஒரு வித்தியாசம் முக்கியம். இங்கே பட்டா தனி ஆள் பேரில், அடமானம் வைக்க முடிந்தது. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு நிலம் போயிற்று. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் கையில் இருந்தது. ரஷ்யாவில் கீற்று ஊருடையது, தனி ஆள் அதை எழுதிக்கொடுக்க முடியாது. உங்கள் முதல் அங்கத்துக்குப் பிறகு, 1893இல், ஊர்ப்பங்கு நிலத்தை வெளியாளுக்கு விற்கவும் அடமானம் வைக்கவும் சட்டமே தடை போட்டது. கடன்காரன் எடுத்தது தானியத்தையும் அறுவடைக்கால உழைப்பையும். உங்கள் நாடகத்தில் லேவாதேவிக்காரன் 'நிலத்தை எழுதிக்கொடு' என்று சொன்னால் அதை மாற்றிவிடுங்கள்.

தட்டோன் வாசகி:

அண்ணன்மாருக்கும் ஆசிரியர் சயாவுக்கும் மிக்க நன்றி. அந்த வசனம் அப்படியேதான் இருந்தது. 'ஆடியிலும் ஆவணியிலும் என் வயலில் ஆறு நாள் அறுத்துக் கொடு' என்று மாற்றிவிட்டேன். மேசைக்கு என்ன வைப்பது என்று யாராவது சொல்லுங்கள். இரண்டாம் அங்கத்தில் அதே குடும்பத்துக்கு ஒரு பசு இருக்கிறது. கூட்டுப்பண்ணையில் சொந்தப் பசு இருக்க முடியுமா?

மண்டலே சமையல்காரர்:

அக்கா, முதலில் வைக்கக் கூடாதது: வெள்ளை ரொட்டி. கோதுமை ரொட்டி அந்த வீட்டில் பண்டிகைக்குத்தான். தினசரி ரை ரொட்டி, கறுப்பு, கனம், புளிப்பு.

புளிப்பு ருசிக்காக மட்டும் இல்லை. ரை மாவில் கோதுமை போல இழுவை கிடையாது. புளிக்க வைக்காமல் சுட்டால் மாவிலுள்ள நொதி மாப்பொருளை வேகும்போதே கரைத்துவிடும். மேலே ஓடு, உள்ளே களி. புளிப்பு அந்த நொதியை அடக்கும். மரத்தொட்டியைச் சுத்தமாகக் கழுவ மாட்டார்கள், ஓரத்தில் ஒட்டிய பழைய மாவே அடுத்த வாரத்துக்கு உறை. நாம் இட்லி மாவுக்கு ஒரு கரண்டி பழைய மாவு வைப்பதுபோல. இராத்திரி கலக்கி, விடியலில் மீதி மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கரியை வழித்த அடுப்புத் தளத்தில் முட்டைக்கோஸ் இலைமேல் வைத்து மரத்துடுப்பால் தள்ளுவார்கள். சூடு பார்க்கத் தளத்தில் ஒரு சிட்டிகை மாவு தூவுவது வழக்கம். உடனே கறுத்தால் சூடு அதிகம். மெல்லச் சிவந்தால் சரி. வாரத்துக்கு ஒருமுறை சுடுவது. சுட்ட அன்றே அறுத்தால் கத்தியில் ஒட்டும், மறுநாள்தான் அறுப்பார்கள்.

'ஷீ' என்பது புளித்த முட்டைக்கோஸ் சாறு. அக்டோபர் நடுவில் முட்டைக்கோஸைக் கொத்தி, 10 கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் உப்புப் போட்டு, பீப்பாயில் இடித்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றுவார்கள். முதல் சில நாள் குச்சியால் அடிவரை குத்தி வாயு வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். உப்புக் குறைந்தால் கொழகொழத்துப் போகும். இங்கே கடுகுக்கீரை புளிக்க வைப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. சாற்றுப் பானையைக் காலையில் அடுப்புக்குள் வைத்தால் மத்தியானம் எடுப்பது. அதோடு ஒரு பங்கு பக்வீட் என்ற தானியத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்து மூடிய கஞ்சி, 'காஷா'. கஞ்சி என்றாலும் உதிரி உதிரியாக இருக்கும்.

பானையை எடுக்க நீண்ட கம்பின் நுனியில் இரும்புக் கவை. பானை அடி சிறுத்து, தோள் அகன்றிருக்கும். கவை அந்தத் தோளுக்குக் கீழே பிடிக்கும். மேசை நடுவில் ஒரே பெரிய கிண்ணம், ஆளுக்கு ஒரு மரக்கரண்டி, தட்டு வேண்டாம். உருளைக்கிழங்கு இருக்கலாம். 1840களில் அரசு கட்டாயப்படுத்தியபோது கலகம் செய்தவர்கள், 1880களில் விரும்பிச் சாப்பிட்டார்கள். சமோவார், அதாவது தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் உலோகப் பாத்திரம், வைக்காதீர்கள். தவணைக்குப் பசுவை விற்கிற வீட்டில் அது இருந்தால் முதலில் அதைத்தான் தண்டல்காரர் தூக்கிப் போயிருப்பார்.

பெகு ஆசிரியர்:

பசு இருக்கலாம், தாராளமாக. 1935இல் வந்த மாதிரிச் சட்டப்படி கூட்டுப்பண்ணைக் குடும்பத்துக்கு வீட்டோடு கால் முதல் அரை ஹெக்டேர், அதாவது முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கீழிருந்து ஒன்றேகால் ஏக்கர் வரை, சொந்தப் புழக்கத்துக்கு விட்டார்கள். தானியம் விளையும் பகுதிகளில் ஒரு பசு, இரண்டு கன்று வரை, பன்றி, பத்து ஆடு வரை, கோழி எத்தனையும். குதிரை மட்டும் கூடாது, அது பண்ணைக்கு.

உங்கள் இரண்டாம் அங்கமே இந்தப் பசுவைச் சுற்றித்தான் நிற்க வேண்டும் என்பேன். பண்ணை வேலைக்குக் கூலி பணமாக வரவில்லை. 'த்ருதஜென்' என்று ஒரு கணக்கு, 'உழைப்புநாள்'. பேர் அப்படி இருந்தாலும் அது நாள் இல்லை. இலேசான வேலைக்கு ஒரு நாளைக்கு அரை, கடின வேலைக்கு இரண்டுக்கு மேலும் விழும். வருஷக் கடைசியில் அரசுக்கு அளக்க வேண்டியது, டிராக்டர் உழுததற்கு அரசு டிராக்டர் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டியது, விதைநெல்லுக்கு ஒதுக்குவதுபோல விதைத் தானியம், எல்லாம் போன பிறகு மிஞ்சியதை மொத்த உழைப்புநாட்களால் வகுப்பார்கள். மிஞ்சாவிட்டால் வகுக்க ஒன்றுமில்லை. குடும்பம் உயிரோடு இருந்தது அந்த வீட்டுக்கொல்லையாலும் பசுவாலும். அந்தப் பாலிலும் அரசுக்கு ஒரு பங்கு கட்டாயம் அளக்க வேண்டும். அது 1958இல்தான் நின்றது. ஏக்கருக்கு இத்தனை கூடை நெல் என்று அரசுக்கு 2003 வரை அளந்த ஊர் நம்முடையது. இந்த இடத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

வைக்கோலும் புல்லும் கவனியுங்கள். அங்கே மாடு ஆறு மாதத்துக்கு மேல் கொட்டிலில் கட்டியே நிற்கும். ஒரு பசுவுக்கு ஒன்றரை, இரண்டு டன் உலர்புல் வேண்டும். பொது வயலில் அறுத்து முடித்த பிறகு, ஓடைக்கரை, புதர் ஓரம் என்று மிஞ்சிய இடத்தில் இருட்டோடு எழுந்து அறுத்துச் சேர்த்தார்கள். 1932 ஆகஸ்ட் 7 சட்டம் வந்த பிறகு பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினாலே திருட்டு. தண்டனை மரணம், இரக்கம் காட்டினாலும் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. புல்லுக்கட்டோடு ஒரு பெண் மேடைக்கு வரும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும்.

மகன் நகரத்துக்கு ஓடிப்போகிற காட்சி இருந்தால் கையில் பாஸ்போர்ட் கொடுக்காதீர்கள். 1932இல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் முறை வந்தபோது கூட்டுப்பண்ணைக் குடியானவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1974இல்தான் ஆணை வந்தது. ஊர்ச் சோவியத்தின், அதாவது ஊர் அரசு மன்றத்தின், சீட்டு ஒன்று, அல்லது தொழிற்சாலை ஆள்சேர்ப்புக் காகிதம், அல்லது பட்டாளம். வெளியே போக இருந்த வழிகள் இவைதான். பாட்டன் காலத்தில் மீர் கொடுத்த சீட்டு, பேரன் காலத்தில் சோவியத் கொடுத்த சீட்டு. இரண்டு அங்கத்திலும் ஒரே மாதிரிக் காகிதத்தை, ஒரே மேசையில், ஒரே இடத்தில் வைக்கலாம்.

மோல்மேன் தச்சர்:

தங்கச்சி, அடுப்பு மேடையைத் தேக்குச் சட்டம் போட்டு ஒட்டுப்பலகையால் அடைத்து, மேலே மண் பூசுங்கள். வெறும் அட்டை வேண்டாம், கிழவர் ஏறும்போது ஆடினால் செங்கல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். படுக்கும் தளத்துக்கு ஐந்து அடி உயரமும் வாய்க்கு இரண்டரை அடி உயரமும் வைத்தால் முன்வரிசைக்கு உள்ளே இருக்கிற பானை தெரியும். இரண்டாம் அங்கத்துக்குச் சுவர் மரங்களை மாற்ற வேண்டியதில்லை. கதவு நிலைக்கு மேலே இருக்கிற இடைவெளியை மட்டும் மூடிவிடுங்கள், அதற்குள் வீடு இறங்கி முடிந்திருக்கும்.